குட்டிக்குடை

பூப்பறித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்த நாகஜோதி, மகளின் கன்னத்தில் தன்னுடைய விரல்களைப் பார்த்தாள்.

பாயின் தடம் என்றுதான் முதலில் நினைத்தாள். இளவேனில் குப்புறப் படுத்துத் தூங்குகிற பிள்ளை. முகத்தைத் திருப்பி வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு கன்னங்களிலும் காதோரத்திலிருந்து வாயை நோக்கிப் பட்டை பட்டையாகச் சிவந்திருந்தது. சிவப்பின்மேல் புழுங்கலரிசி அளவில் நீர் கோத்த கொப்புளங்கள். கழுத்தில் ஒரு உள்ளங்கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வழிந்து இறங்கிய கோடுகள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பொங்கலுக்குக் கிளம்பும்போது மகளை மடியில் இருத்தி எங்கெங்கே எப்படித் தடவிவிட்டாளோ, அங்கங்கே அப்படியே வெந்திருந்தது.

செண்டுப்பூச் சாறு ஒட்டிய விரல்களை, படாமல், அந்தப் பட்டைகளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எரியுதும்மா" என்றது பிள்ளை. அழக்கூட இல்லை. அழுதால் கண்ணீர் பட்டு இன்னும் எரியும் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தது.

மாமனார் காமராஜ் வெற்றிலையை மென்றபடி எட்டிப் பார்த்தார். "அக்கி மாதிரில்ல தெரியுது. காவிக்கல்ல ஒரசிப் போடு, அடங்கிரும்."

"அக்கி என் கைவெரலு மாதிரியா வரும் மாமா?"

மாடத்தில் இருந்த வெள்ளை டப்பாவை அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். டப்பாவில் இளவேனிலே சிரித்துக்கொண்டிருந்தாள், தலைக்குமேல் பச்சைக் குடை ஒன்றைப் பிடித்தபடி. கீழே கொழுகொழுவென்ற எழுத்தில் 'குட்டிக்குடை'. பிள்ளைகளுக்கான வெயில் கிரீம்.

அதைச் செய்தவள் அறிவுச்செல்வி. நாகஜோதியின் கணவன் மணிமாறனுக்கு அக்கா. எம்.எஸ்ஸி. படித்தவள், திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் சோப்பும் எண்ணெயும் செய்து போனிலேயே விற்று, இரண்டே வருஷத்தில் பெயர் எடுத்தவள். சித்தையன்கோட்டைப் பக்கம் அவர்கள் சனத்தில் பொம்பளைப் பிள்ளைக்கு யாராவது புத்தி சொன்னால் அறிவுச்செல்வியைக் காட்டித்தான் சொல்வார்கள். காமராஜுக்கு மகள் பேச்சை எடுத்தால் வெற்றிலை வாயிலேயே நின்றுவிடும்.

இளவேனிலுக்குப் பிறந்ததிலிருந்தே கரப்பான் உடம்பு. முழங்கை மடிப்பிலும் காலிடுக்கிலும் வறண்டு வெடிக்கும். பங்குனி வெயிலில் அரை மணி நேரம் நின்றால் முகம் செங்கல்லாகிவிடும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவது? பூங்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை நிழலில் உட்காரவைப்பாள். நிழல் நகரும், வரப்பில் இருக்கிறவள் அதைக் கவனிக்கவா முடியும்? அதனால்தான் அறிவுச்செல்வி இந்தக் கிரீம் பேச்சோடு வந்து உட்கார்ந்தபோது நாகஜோதிக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

"கெமிக்கலே இல்ல ஜோதி. எலுமிச்ச, கத்தாழ, தேங்காண்ண, அம்புட்டுத்தான். எல்லாம் நீ திங்கிற பொருளு. திங்கிறதப் பூசுனா என்ன ஆயிரப்போகுது?"

"கரப்பான் பிள்ளையாச்சே அண்ணி."

"கடையில விக்கிறதப் போட்டாத்தான் பயப்படணும். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாப் படியும், பாத்திருக்கியா? என்னது படியவே படியாது. அப்படியே உள்ள எறங்கிரும்."

எலுமிச்சை மணிமாறன் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் ஏற்றி இறக்குகிறவன் அவன். நல்ல பச்சைத் தோல் எலுமிச்சையாகப் பொறுக்கி ஒரு சாக்கு அக்கா வீட்டில் இறக்குவான். தோலைச் சீவித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, அந்த எண்ணெயைத்தான் கிரீமில் கலந்தாள். டப்பாவைத் திறந்தால் வீடே மணக்கும். அன்றைக்கே இளவேனிலைக் குடையோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவள், அதை ஒட்டிய டப்பாவைக் கோயில் பொங்கலுக்கு முன்னால் கொடுத்துவிட்டாள்.

நாகஜோதி போனைப் போட்டாள். பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்தும் அனுப்பினாள்.

"வேற என்ன போட்ட?" என்றாள் அறிவுச்செல்வி.

"வேற ஒண்ணும் போடலயே அண்ணி."

"கோயில்ல மஞ்சத்தண்ணி ஊத்துனாங்களா? அதுல இப்ப கண்ட பொடியையும் கலக்குறாங்க. இல்லாட்டி பூச்சி ஏதாச்சும் ஊர்ந்திருக்கும்."

"பூச்சி எப்படி அண்ணி, நான் தடவுன எடத்துல மட்டும்..."

"ஜோதி, சொல்றதக் கேளு. தோலுக்குள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது. சில ஒடம்புக்கு மொதல்ல அப்படித்தான் கிளறிவிடும். நிப்பாட்டிராத, தொடர்ந்து போடு. நிப்பாட்டுனா அதுதான் தப்பாப் போயிரும்."

நாகஜோதி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள், ஏதோ ஒட்டிக்கொண்டது போல. பிறகு டப்பாவை மூடி, அதைத் தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எலுமிச்சை வாசம் போகவில்லை. ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் ஆசையாகப் பிழிகிற வாசம். இப்போது தொண்டையில் ஏறி நின்று ஓங்கரித்தது.

திண்டுக்கல்லில் தோல் டாக்டர் ஷப்னத்தின் கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. மணிமாறன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான். டாக்டர் பிள்ளையின் கன்னத்தை விளக்குக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திறந்து ஒரே ஒரு தடவை முகர்ந்தார். மூடிவிட்டார்.

"இதப் போட்டுட்டு வெயில்ல எவ்வளவு நேரம் இருந்தா?"

"பொங்க வச்சு எறக்குற வரைக்கும் மேடம். உச்சி வரைக்கும் வெளியதான் ஓடிட்டிருந்தா."

"எலுமிச்சைத் தோலோட எண்ணெய் இது. இது தோல்மேல இருக்கும்போது வெயில் பட்டா ரெண்டும் சேந்து வேகவச்சிரும். உடனே தெரியாது. மறுநாளோ அதுக்கு மறுநாளோதான் பொங்கிட்டு வரும். வெயிலுக்குப் பூசுற கிரீம்ல யாராவது இதக் கலப்பாங்களா? யார் செஞ்சது?"

மணிமாறன் தரையைப் பார்த்தான். "சொந்தக்காரங்க."

"கெமிக்கல் இல்லன்னு சொன்னாங்க மேடம்" என்றாள் நாகஜோதி. அதைச் சொல்லும்போதே தன் வாயே தனக்கு வேண்டாதது மாதிரி இருந்தது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சும்மா. செடியில இருந்து வந்தா நல்லது, பாக்டரியில இருந்து வந்தா கெட்டதுன்னு தோலுக்குத் தெரியாது. இவளுக்கு முதல்ல முழுக்கைச் சட்டை, தொப்பி, நிழல். அதுக்கு மேல வேணும்னா ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் இருக்கிற கிரீம், வாசனை எதுவுமே சேக்காதது. வெள்ளையாத்தான் படியும். படியணும். வெயிலத் தடுக்கிறதே அந்த வெள்ளைதான். புதுசா எதப் போட்டாலும் முழங்கையில கொஞ்சூண்டு தடவி ரெண்டு மூணு நாள் பாத்துட்டுப் போடுங்க."

"தழும்பாயிருமா மேடம்?"

"கொப்புளத்த உடைக்காதீங்க. ஆறிரும். ஆனா கறுப்பாத் தடம் நிக்கும். போக மாசக்கணக்காகும்."

கிளினிக்குக்கு வெளியே வண்டியில் ஏறியதும் மணிமாறன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"அக்காகிட்ட ஒரு வார்த்த நேர்ல சொல்லிருவோம். தெரியாமச் செஞ்சிருச்சு. சொன்னா நிப்பாட்டிரும்."

"தெரியாமச் செஞ்சதுன்னா சரிதான்" என்றாள் நாகஜோதி. அப்போது அவளும் அதை நம்பத்தான் செய்தாள்.

அறிவுச்செல்வியின் வீட்டில் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவள் கணவன் செழியன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாக்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் இளவேனில் சிரித்தாள். வரிசை வரிசையாக, ஒரு கொப்புளமும் இல்லாத முகங்கள். தோளில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி அவற்றைப் பார்த்துவிட்டு மறுபடி அப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வாங்க, வாங்க" என்றான் செழியன். "சனிக்கிழம உங்க பிள்ள படிக்கிற ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே இல்ல? நம்மதான் ஸ்பான்ஸரு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு டப்பா."

அறிவுச்செல்வி உள்ளேயிருந்து வந்தாள். பிள்ளையைத் தொடவில்லை. எட்டி நின்றே குனிந்து பார்த்தாள்.

"ஐயோ பாவம். இப்ப எப்படி இருக்கு?"

மணிமாறன் டாக்டர் சொன்னதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவள் சிரித்தாள்.

"டேய் தம்பி, டாக்டருங்களுக்கு மருந்துக் கம்பெனிக்காரன் சொல்லிக்குடுக்கிறதுதான் பாடம். எத்தன பிள்ளைக பூசுது தெரியுமா? ஒருத்தராச்சும் ஒரு வார்த்த சொன்னாங்களா? உன் மகளுக்கு இருக்கிறது சீக்கு ஒடம்பு. அதுக்கு நான் என்ன செய்ய?"

நாகஜோதி எழுந்தாள். அங்கே நின்றால் ஏதாவது பேசிவிடுவோம் என்று, கை கழுவப் போகிறவள் மாதிரிப் பின்கட்டுக்குப் போனாள். கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்கும் பவுடருக்கும் நடுவில், ஒரு ட்யூப். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கிளினிக் மருந்துக்கடையில் கொடுத்த அதே ஜிங்க் கிரீம் ட்யூப். அவள் பையில் இருந்தது புதுசு. இது பாதிக்குமேல் பிதுக்கிச் சுருட்டியிருந்தது. மூடி ஓரத்தில் வெள்ளை காய்ந்து ஒட்டியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இது யாருக்கு அண்ணி?"

அறிவுச்செல்வி ஒரு கணம் செழியனைப் பார்த்தாள். பிறகு மகள் பெயரைச் சாதாரணமாகவே சொன்னாள். "அது நறுமுகைக்கு. ஸ்கேட்டிங் போறால்ல. வெயில்ல நிக்கணும்."

"நம்ம டப்பாவப் போடலயா?"

"அவளுக்கு சென்சிடிவ் ஸ்கின் ஜோதி. போட்டா அரிக்குதுங்கிறா."

கூடத்தில் ஸ்டிக்கர் உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. செழியன் கை நிற்கவில்லை. நாகஜோதி மணிமாறனைப் பார்த்தாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

வாசல்வரை வழியனுப்ப வந்த அறிவுச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "கொப்பளம் காஞ்சு கறுப்பாத் தடம் நிக்கும், பயந்துக்காத. அதுக்கு நம்மகிட்டயே சந்தனத்துல ஒரு கிரீம் வருது. காயுற வரைக்கும் தெனம் ஒரு படம் எடுத்து அனுப்பு ஜோதி. முன்ன, பின்னன்னு போட்டா நல்லா எடுபடும்."

நாகஜோதி திரும்பி நடந்தாள். வண்டி ஏறுவதற்கு முன் சாக்கடை ஓரம் குனிந்து நின்றாள். வெறும் கசப்புத் தண்ணீர்தான் வந்தது.

ஊர் எல்லை வந்ததும் மணிமாறன்தான் ஆரம்பித்தான்.

"அம்மா போனப்ப எனக்கு நாலு வயசு. என்னைய இடுப்புல வச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போச்சு அக்கா. சோத்தப் பெசஞ்சு ஊட்டுன கை அது."

"ஊட்டட்டும். நல்லா ஊட்டுன கைதான். அதே கை தம் மகளுக்கு ஒண்ணும் உம் மகளுக்கு ஒண்ணும் எடுத்துக் குடுத்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீக?"

"அதுக்காக ஊரைக் கூட்டச் சொல்றியா?"

"சனிக்கிழம அம்புட்டுப் பிள்ளைகளும் வெயில்ல நிக்கும்ங்க."

அவன் கியரை மாற்றினான். "அப்பா செத்துப்போவாரு" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் கருவாடும் வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை யாரும் தொடவில்லை. காமராஜ் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "வீட்டு விசயம் வீட்டோட இருக்கட்டும் தாயி. பிள்ளைக்கு ஆறிரும். பேரு கெட்டா ஆறாது."

"யாரு பேரு மாமா?"

"எம் மக பேரு."

"இதுவும் உங்க பேத்தி மூஞ்சிதான் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். தட்டில் அவர் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பூப்பறித்து முடித்ததும் மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியை சிஸ்டர் சகாயராணியைப் பார்த்தாள். அந்த அம்மா நல்லவர்தான். இளவேனிலின் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சேதியைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பந்தல், மைக், பிரைஸ் எல்லாமே அவங்க ஏற்பாடும்மா. இன்னும் ரெண்டு நாள்ல எங்க போவேன்? உங்க பிள்ளைக்கு ஏற்கெனவே தோல் பிரச்சன இருக்குல்ல. மத்த பிள்ளைங்களுக்கு ஒத்துக்கலாம்."

"ஒத்துக்கலன்னா சிஸ்டர்?"

"டப்பாவ வீட்டுக்குத்தான குடுத்துவிடப்போறோம். போடுறதும் போடாததும் பேரன்ட்ஸ் விருப்பம். நாங்க போடச் சொல்லல."

எல்லோருமே இப்படி வழுக்கிக்கொண்டு போனார்கள். நாகஜோதிக்கு யாருடைய முகத்தைப் பார்த்தாலும் மேலே எண்ணெய் மினுங்குவது போலவே தோன்றியது.

சனிக்கிழமை காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மைதானத்தில் பந்தல் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் சுண்ணாம்புக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். பந்தல் ஓரத்து மேசையில் டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னதெல்லாம் பேச்சோடு சரி. செழியன் டப்பாவைத் திறந்து கொடுக்கக் கொடுக்க, தாய்மார்கள் அங்கேயே பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திப் பூச ஆரம்பித்திருந்தார்கள். "என்னா வாசம்!" என்றாள் ஒருத்தி.

மணிமாறன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நாகஜோதி முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்ட மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு நேராக நடந்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"ஆத்தாடி" என்று யாரோ வாயைப் பொத்தினார்கள். கொப்புளங்கள் சப்பி, பட்டைகள் கறுத்துத் தோல் உரிந்துகொண்டிருந்த நேரம் அது.

"டப்பாவுல இருக்கிற பிள்ள இதுதான். இதப் போட்டுத்தான் இப்படி ஆச்சு. பூசுனவங்க கழுவிவிட்டுருங்க."

அறிவுச்செல்வி மைக்கை வைத்துவிட்டு வேகமாக வந்தாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "எந் தம்பி சம்சாரம். பிள்ளைக்குப் பொறந்ததுலேருந்தே தோல் வியாதி. பாவம், பதறிப்போயிருக்கா."

தாய்மார்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "நேச்சுரல்னுதான போட்டிருக்கு" என்றாள் ஒருத்தி. "சொந்தத்துக்குள்ள ஏதோ சண்ட போல" என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்புதான் நாகஜோதியை உசுப்பிவிட்டது.

"அண்ணி, இது நல்லதுன்னா நறுமுகைக்குத் தடவுங்க. இந்த வெயில்லதான ஆடப்போறா? இங்கயே தடவுங்க, பாப்போம்."

விழாவில் ஆடுவதற்காக ஸ்கேட்டிங் சக்கரம் மாட்டிய காலோடு, ஜிகினா பாவாடையில் நின்ற நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வயசுப் பிள்ளை.

அறிவுச்செல்வி வாயடைத்துப்போவாள் என்றுதான் நாகஜோதி நினைத்தாள். அதற்காகத்தான் கேட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் அறிவுச்செல்வி. மகளைத் தோளில் பிடித்து இழுத்து, ஒரு விரல் நிறைய வழித்து அந்த மெலிந்த கையில் இட்டுத் தேய்த்தாள்.

"அம்மா, இது வேணாம்மா. எனக்கு ட்யூப்தானம்மா..."

"சும்மா நில்லு."

"அரிக்கும்மா."

"நில்லுங்கிறேன்ல!" சிரித்துக்கொண்டே சொன்னாள். தாய்மார்களைப் பார்த்து, "பாத்துக்கோங்க, எம் மகதான" என்று சொல்லியபடி இன்னொரு விரல் வழித்தாள். நறுமுகை அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. அவள் கண் தாயைப் பார்க்கவில்லை, நாகஜோதியைப் பார்த்தது.

நாகஜோதிக்கு உடம்பு முழுக்கக் கூசியது. இவள் செய்வாள். தோற்காமல் இருப்பதற்காக முகத்திலும் பூசுவாள். அதைச் செய்யவைத்தது தன்னுடைய வாய்தான் என்று நினைத்தபோது வந்த அருவருப்பில், அறிவுச்செல்விக்குப் பாதி, தனக்குப் பாதி.

"விடுங்க" என்று நறுமுகையைப் பறித்து இழுத்தாள். முந்தானையால் அந்தக் கையை அழுந்தத் துடைத்தாள். "கேட்டது என் தப்பு. வா கண்ணு." சக்கரக் காலோடு அந்தப் பிள்ளை உருண்டுகொண்டே கூட வந்தது. வெயிலில் கிடந்த குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. யாரோ பின்னாலிருந்து ஒரு தண்ணீர்க் கேனைச் சாய்த்தார்கள். மணிமாறன். அவன் கையில் சோப்புக்கட்டி இருந்தது. அக்கா மகளின் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். ஊற்றி முடித்ததும் மைதானத்தைப் பார்த்துக் கத்தினான்:

"பூசுன பிள்ளைகளக் கூட்டியாங்க, கழுவிவிடலாம்! அந்த எலுமிச்சய ஏத்திக் குடுத்தவன் நாந்தான். சொல்றேன், கூட்டியாங்க!"

முதலில் ஒருத்தி வந்தாள். பிறகு நாலைந்து பேர். நறுமுகை சொன்ன 'ட்யூப்' எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. சிலர் வரவில்லை, டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சகாயராணி மேசைமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடச் சொன்னார்.

அதற்குப் பிறகு காமராஜ் மகள் வீட்டோடு போய்விட்டார். மணிமாறன் சிறுமலை எலுமிச்சையை வேறு யாருக்கோ இறக்குகிறான். அறிவுச்செல்வி டப்பாவின் பெயரை மாற்றி, குழந்தைப் படத்தை எடுத்துவிட்டு, மதுரைப் பக்கம் பெரியவர்களுக்கு விற்பதாகக் கேள்வி. வாசம் அதேதான் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். இளவேனிலின் கன்னத்துப் பட்டைகள் ஆடி மாசம்வரை கிடந்து, கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மங்கின.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறும் திங்களும் நாகஜோதிக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கழுவியது போதுமா, பிந்திவிட்டோமா என்பதே நினைப்பு. பூவைக் கொட்டி அளக்கும்போதும் அந்தத் தள்ளிப் பிடித்த கைதான் கண்ணில் நின்றது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் போன் போட்டாள். நறுமுகைதான் எடுத்தாள்.

"கை எப்படி இருக்கு கண்ணு?"

"ஒண்ணும் வரல அத்தை. லேசாச் செவந்துச்சு. போயிருச்சு."

நாகஜோதி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். "அம்மா பாத்தாங்களா?"

பின்னால் ஸ்டிக்கர் உரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல அத்தை" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க."